எட்டுக் கால்களுக்கு உயிர்

1957இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'தி பிளாக் ஸ்கார்பியன்' நல்ல படம் அல்ல. எட்வர்ட் லுட்விக் இயக்கிய அந்தப் படம், மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே நிறுவனம் எடுத்த 'தெம்!' போட்ட தடத்தில் நடக்கிறது. அங்கே அமெரிக்கப் பாலைவனம், இங்கே மெக்சிகோ எரிமலை. அங்கே எறும்பு, இங்கே தேள். வசனம் சோர்வு தருகிறது. காதல் காட்சிகள் நேரத்தை நிரப்புகின்றன. இருந்தாலும், திரைப்படம் படைத்த ராட்சதப் பூச்சிகளை யாராவது எடைபோட உட்கார்ந்தால் இந்தப் படத்தைத்தான் முதலில் தராசில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. அவற்றையும் சேர்த்தே எடைபோடுவோம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். தேள் பூச்சி இனம் இல்லை. ஆறு கால் இருந்தால் பூச்சி. எட்டுக் கால் கொண்ட தேளும் சிலந்தியும் வேறு வகுப்பு, நண்டு இன்னொரு வகுப்பு. ஆனால் எல்லாமே கணுக்காலிகள்: ஓடு வெளியே, தசை உள்ளே, கால்கள் கணுக்கணுவாய். பொம்மை செய்து அசைப்பவருக்கு இந்த உடலமைப்புதான் முக்கியம். அதனால் இங்கே எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறேன்.

ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு பிரேம் எடுப்பது, மறுபடி நகர்த்தி அடுத்த பிரேம் எடுப்பது. திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம். பொம்மைக்குள் எஃகு எலும்புக்கூடு இருக்கும். அதன் மூட்டுகள், கிண்ணத்துக்குள் பந்து உருள்வதுபோலத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். மேலே ரப்பர் தோல். இந்த முறைக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. ஓடுகிற குதிரையைக் கேமரா படம் பிடிக்கும்போது, ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்துக்குள் குதிரையின் கால் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் பிரேமில் கால் லேசாக மங்கிப் பதியும். அந்த மங்கல்தான் நம் கண்ணுக்கு ஓட்டத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுகிறது. பொம்மையோ ஒவ்வொரு பிரேமிலும் அசையாமல் நிற்கிறது, கூர்மையாகப் பதிகிறது. எனவே அதன் அசைவு திரையில் வெட்டி வெட்டி வருகிறது. 1981இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தில், ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டார் கொண்டு பொம்மையை அசைத்து இந்தக் குறையைத் தீர்க்க முயன்றார்கள். பிரச்சினை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அந்தப் பிரயத்தனமே சாட்சி.

குதிரைக்கும் குரங்குக்கும் இது குறைதான். பூச்சிக்கு? பழைய செங்கல்லைப் புரட்டும்போது அடியில் கிடக்கும் தேளை நினைத்துப் பாருங்கள். செத்ததுபோல் கிடக்கும். திடீரென ஒரு சாண் ஓடும். மறுபடி அப்படியே உறையும். வால் மட்டும் மெல்ல மேலேறும். இயற்கையிலேயே வெட்டி வெட்டி அசையும் உயிர் அது. ஸ்டாப் மோஷன் எந்த இடத்தில் தோற்கிறதோ அந்த இடத்தில்தான் பூச்சி வாழ்கிறது. உடலும் அப்படியே பொருந்துகிறது. 'கிங் காங்' (1933) படத்தில் குரங்கின் ரோமம் ஓயாமல் சிலிர்த்து அலைகிறது. அனிமேட்டரின் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்ததன் விளைவு அது. ஓடு போர்த்திய உடம்பில் விரல் பட்டாலும் தெரியாது. கீலும் கீலுமாக மடங்கும் தேளின் காலுக்கும், கீலும் கீலுமாக மடங்கும் எஃகுக் காலுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

இந்தப் பொருத்தம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. லடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், அன்றைய ரஷ்யப் பேரரசின் கோவ்னோ நகரில், இன்றைய லிதுவேனியாவின் கௌனாஸில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நடத்திவந்தவர். மான்கொம்பு போன்ற தாடை கொண்ட வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க விரும்பினார். விளக்கு எரிந்ததும் வண்டுகள் அசைய மறுத்தன. எனவே இறந்த வண்டுகளின் கால்களை எடுத்துவிட்டுக் கம்பியை அரக்கால் ஒட்டி, பிரேம் பிரேமாகச் சண்டையிட வைத்தார். 1912இல் அவர் எடுத்த 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' படத்தில் வண்டுக் கணவனின் கள்ளக்காதலை ஒரு வெட்டுக்கிளி படம்பிடித்துத் திரையிட்டு அம்பலப்படுத்துகிறது. அந்தக் காலத்தில் ஸ்டாரெவிச்சின் படங்களைப் பார்த்தவர்களில் சிலர், உயிருள்ள பூச்சிகளைப் பழக்கியிருக்கிறார்கள் என்றே நம்பினார்கள். பொம்மை அனிமேஷனின் தொடக்கப் படைப்புகளிலேயே நடிகர்கள் பூச்சிகள்தான். அவை ராட்சதப் பூச்சிகள் அல்ல, மனிதர் யாரையும் தாக்கவும் இல்லை. அவற்றுக்கு அவற்றின் வாழ்க்கை இருந்தது. இந்தக் கடைசிக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு அதன் மேல்தான் நிற்கிறது.

1950களில் அணுகுண்டு பயம் பூச்சிகளைப் பெரிதாக்கியது. அவற்றைத் திரைக்குக் கொண்டுவர வெவ்வேறு வழிகளை முயன்றார்கள். கோர்டன் டக்ளஸ் இயக்கிய 'தெம்!' (1954) முழு அளவு எந்திர எறும்புகளைச் செய்தது. படம் நன்றாக இருக்கிறது. 'தி பிளாக் ஸ்கார்பியன்' அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அந்த எறும்புகள் நடப்பதில்லை. தலையை ஆட்டுகின்றன, மணற்காற்றுக்குள்ளிருந்து முன்னால் தள்ளப்பட்டு வருகின்றன. இயக்குநர் அதை அறிந்தவர். அதனால் புழுதியைக் கிளப்பினார், எறும்பு வரும் முன்பே அதன் கீச்சொலியைக் கேட்கவைத்தார். பயத்தை உண்டாக்கியது ஒலியும் புழுதியும். எறும்பு அல்ல. ஜாக் ஆர்னால்டின் 'டரான்டுலா' (1955) உயிருள்ள சிலந்தியையே பயன்படுத்தியது. காற்றை ஊதி ஊதி அதை வேண்டிய திசையில் ஓட்டினார்கள். நடை நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் சிலந்திக்குத் தான் எங்கே போகிறோம் என்ற எண்ணம் இல்லை, காற்று போகச் சொன்ன பக்கம் போகிறது. 'பிகினிங் ஆஃப் தி எண்ட்' (1957) வெட்டுக்கிளிகளைச் சிகாகோ கட்டிடங்களின் புகைப்படத்தின் மேல் ஏறவிட்டது. ஓரிடத்தில் ஒரு வெட்டுக்கிளி கட்டிடத்தின் விளிம்பைத் தாண்டி வானத்தின் மேலேயே கால் வைக்கிறது. அதே ஆண்டில் வந்த கும்பிடுபூச்சிப் படமான 'தி டெட்லி மேன்டிஸ்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

எந்திரத்துக்கு நடை இல்லை. உயிருள்ள பூச்சிக்கு நடிப்பு இல்லை. இரண்டையும் சேர்த்துத் தரக்கூடிய வழி அன்று ஒன்றுதான் இருந்தது: ஸ்டாப் மோஷன்.

'தி பிளாக் ஸ்கார்பியன்' படத்தின் தேள்களை அசைத்தவர்கள் வில்லிஸ் ஓ'பிரையனும் பீட் பீட்டர்சனும். ஓ'பிரையன் 1886இல் பிறந்தவர், 'தி லாஸ்ட் வேர்ல்ட்' (1925), 'கிங் காங்' படங்களின் சிற்பி, அப்போது எழுபது வயதை ஒட்டியவர். 'மைட்டி ஜோ யங்' (1949) படத்தில் அவரோடு வேலை செய்த பீட்டர்சன், நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் நோயோடு போராடிக்கொண்டே இந்தப் படத்தின் அனிமேஷனில் பெரும்பகுதியைச் செய்தார். பணமும் போதவில்லை, நாளும் போதவில்லை.

இந்த நிலையில் அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தேளுக்கு எட்டுக் கால். ஒரு வினாடிக்கு 24 பிரேம் என்றால், காலின் ஒவ்வொரு கணுவையும் தனியாக எண்ணாமலே ஒரு தேளுக்கு 192 முறை கால் வைக்க வேண்டும். எல்லாக் காலும் ஒரே நேரத்தில் எழக்கூடாது. சில ஊன்றியிருக்கும்போது சில எழ வேண்டும், இந்த மாற்றம் பிசகினால் நடை நொண்டும். அதற்கு மேல் இரண்டு இடுக்கிகள், அவை திறந்து மூடுவது, ஐந்து கணு வால், நுனியில் கொடுக்கு. திரையில் மூன்று தேள்கள் இருந்தால் எல்லாம் மூன்று மடங்கு. இடையில் நிறுத்தி, இதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் வசதி அன்று கிடையாது. பிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். எந்தக் கால் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதை விரலும் மனமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த உழைப்பு எங்கே கலையாகிறது? குகைக் காட்சியில். நிலவியலாளர்கள் இருவர் கிரேனில் தொங்கும் கூண்டில் எரிமலையின் அடியிலுள்ள குகைக்குள் இறங்குகிறார்கள். அங்கே ஒரு ராட்சதப் புழு, அதைத் தின்ன வரும் தேள்கள், மண்ணுக்குள் மூடி போட்டுப் பதுங்கி வாழும் வகையைச் சேர்ந்த ஒரு சிலந்தி. புழு வளைகிறது, தேள் கவ்வுகிறது, இன்னொரு தேள் பங்குக்கு வருகிறது, இரையை விட்டுவிட்டு ஒன்றையொன்று கொட்டத் தொடங்குகின்றன. மனிதர்கள் அந்த நேரத்தில் பாறைக்குப் பின்னால் நின்று பார்க்கிறவர்கள் மட்டுமே. அவர்களுக்காக அங்கே எதுவும் நடக்கவில்லை. அவர்கள் வராமல் போயிருந்தாலும் அந்தச் சண்டை நடந்திருக்கும். ராட்சதப் பிராணிப் படங்களில் இது மிக அரிது. பெரும்பாலான படங்களில் பிராணி கதாநாயகனைத் துரத்துவதற்காகவே பிறந்திருக்கும், அவன் திரையை விட்டு விலகினால் அதற்கு வேலையே இருக்காது. இந்தக் குகைத் தேள்களுக்குப் பசி இருக்கிறது, போட்டி இருக்கிறது, அவற்றுக்குள் பெரியது சிறியது இருக்கிறது.

முகமே இல்லாத உயிரை எப்படி நடிக்க வைப்பது என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. காங்குக்குப் புருவமும் உதடும் இருந்தன. தேளுக்கு இமைகூட இல்லை. 2012இல் வந்த 'நான் ஈ' படத்தில் கணினி வரைகலையால் உருவான ஈயும் இதே சிக்கலைச் சந்தித்தது. அது கால்களையும் தலைச் சாய்வையும் மனிதச் சைகைகளாக்கித் தீர்வு கண்டது. அந்தக் கதைக்கு அது சரி, ஏனென்றால் ஈக்குள் இருப்பது மனிதன். ஓ'பிரையனும் பீட்டர்சனும் தேளை மனிதனாக்கவில்லை. நின்று கவனிப்பது, வாலைப் பின்னுக்கு இழுப்பது, கொட்டுவது, உடனே விலகுவது என்ற தாளத்தில் மட்டும் அதன் எண்ணத்தைக் காட்டினார்கள். பார்க்கிறவருக்கு அது புரிகிறது, ஆனால் நட்பு தோன்றுவதில்லை. பூச்சியிடம் நமக்குள்ள உண்மையான உறவு அதுதான்.

பிறகு வரும் ரயில் காட்சியும் தரமானது. கவிழ்ந்த பெட்டிகளைச் சுற்றித் தேள்கள் மேய்கின்றன, ஆட்களைப் பொறுக்குகின்றன, கடைசியில் மிகப் பெரிய தேள் தன் இனத்தையே கொல்லத் திரும்புகிறது. மறுபடியும் அவற்றின் சொந்த வழக்கு.

இனிக் குறைகள். தேளின் முகத்தை நெருக்கத்தில் காட்டத் தனியாக ஒரு பெரிய பொம்மைத் தலை செய்து, எச்சில் ஒழுக ஒழுகப் படம்பிடித்து, அதே காட்சியைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அசைந்து நடக்கும் தேளுக்கும் அந்தத் தலைக்கும் உறவே இல்லை. ஒவ்வொரு முறை அது வரும்போதும் அனிமேட்டர்கள் கட்டியெழுப்பியது சரிகிறது. அதைவிடப் பெரிய குறை நகரக் காட்சிகளில் இருக்கிறது. பொம்மையைத் தெருவோடு இணைக்கும் வேலையைப் பணமின்றிப் பாதியில் நிறுத்தியதால், சில இடங்களில் தேள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு உருவம் மட்டும் மக்கள் மேல் நகர்கிறது. ஓட்டின் மினுமினுப்பு இல்லை, கணு இல்லை, தேள் வடிவில் ஒரு ஓட்டை. 'இது தயாரிப்பாளரின் குற்றம், கலைஞரின் குற்றம் அல்ல' என்று ரசிகர்கள் வாதாடுவதுண்டு. காரணத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நாம் பார்ப்பது முடிந்த படத்தை. திரையில் இருக்கும் குறை கணக்கில் வந்தே தீரும். எனவே முழுப் படமாக இதை முதலிடத்தில் வைக்க முடியாது. நான் முன்வைப்பது குகையும் ரயிலும் மட்டுமே.

போட்டிக்கு எதிரே நிற்பவர் ஓ'பிரையனின் சீடர் ரே ஹாரிஹவுசன். 1961இல் வந்த 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' படத்தின் நண்டு, ராட்சதக் கணுக்காலிகளில் மிக அழகான பொம்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. உண்மையான நண்டின் ஓட்டுக்குள்ளேயே மூட்டுக் கூட்டைப் பொருத்தினார். ஸ்டாரெவிச் தொடங்கிய வழி அது. மேற்பரப்பின் சொரசொரப்பை எந்த ரப்பராலும் தர முடியாது, அங்கே அது இருக்கிறது. கடற்கரை மணலில் அது எழும்போது கனமும் தெரிகிறது. தேள்களிடம் அந்தக் கனம் போதவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் உயிர்களின் அளவு பற்றிய தன் கட்டுரையில் விளக்கிய கணக்கு இது: உடலின் நீளம் பத்து மடங்கானால் காலின் குறுக்குப் பரப்பு நூறு மடங்கே வளரும், எடையோ ஆயிரம் மடங்காகும். ராட்சதப் பூச்சி தன் காலிலேயே நிற்க முடியாது. திரையில் அந்த உண்மையை மறைக்க ஒரே வழி நடையை மெதுவாக்குவது. ஓ'பிரையனின் தேள்கள் அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு ஓடுகின்றன, சில கணங்களில் சிறிய பொம்மை என்பது தெரிந்துவிடுகிறது. கனத்தில் நண்டு வெல்கிறது. ஆனால் நண்டுக்கு ஒரே வேலை, மனிதரைப் பிடிப்பது. பிடிக்கிறது, போராடுகிறது, வெந்நீர் ஊற்றில் விழுந்து வேகிறது, உணவாகிறது.

அதே படத்தின் தேனீக்கள் யோசனை அளவில் நண்டைவிட உயர்ந்தவை. தேன்கூட்டுக்குள் ஒளிந்த இளம் ஜோடியைத் தேனீ கொட்டவில்லை. அறையின் வாயை மெழுகால் அடைக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பகை இல்லை, அது தன் அன்றாட வேலையைச் செய்கிறது. குகைத் தேள்களுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணை இந்த மெழுகு பூசும் காட்சிக்கும் முழுதாகத் தருகிறேன். ஆனால் தேனீ பறக்க வேண்டும். உண்மைத் தேனீயின் சிறகு வினாடிக்கு இருநூறு முறைக்கு மேல் அடிக்கிறது, கேமராவிடம் இருப்பது 24 பிரேம். ஸ்டாப் மோஷனுக்குச் சிறகைப் பிடிக்கும் வழியே இல்லை. பறக்கும் கணத்தில் தேனீ கம்பியில் தொங்கும் பொம்மையாகிவிடுகிறது. ஹாரிஹவுசனே 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' (1981) படத்தில், மெடூசாவின் இரத்தத்திலிருந்து பிறக்கும் தேள்களை அசைத்தார். வண்ணத்திலும் மனிதரோடு இணைத்த நேர்த்தியிலும் அவை 1957இன் தேள்களை மிஞ்சுகின்றன. இருந்தும் அவை வாளுக்கு எதிரே வைத்த தடைகள் மட்டுமே. வெட்டப்படுவதற்காக வருகின்றன, வெட்டுப்பட்டதும் காட்சி முடிகிறது.

கணினி வரைகலை இந்தப் போட்டியை மாற்றியதா? 'ஜுராசிக் பார்க்' (1993) படத்துக்காகப் பொம்மை டைனோசர்களை அசைக்கத் தயாராக இருந்தவர் பில் டிப்பெட். கணினி அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, உணர்கருவிகள் பொருத்திய உலோகக் கூட்டைக் கையால் அசைத்து அந்த அசைவைக் கணினிக்குள் அனுப்பும் முறையை அவர் குழு உருவாக்கியது. 1997இல் பால் வெர்ஹோவன் இயக்கிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' படத்தில் அதே டிப்பெட் நூற்றுக்கணக்கான பூச்சிகளை ஒரு கோட்டையின் மேல் பாயவிட்டார். கூட்டம் என்ற விஷயத்தில் அன்றோடு வழக்கு முடிந்தது. எந்தக் கையாலும் அத்தனை கால்களை அசைக்க முடியாது. பறத்தலிலும் கணினிக்கே வெற்றி. ஆனால் அந்தப் பூச்சிகளை அசைத்த கண், பொம்மையை அசைத்துப் பழகிய கண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஜேம்ஸ் அண்ட் தி ஜெயன்ட் பீச்' (1996), 'குபோ அண்ட் தி டூ ஸ்ட்ரிங்ஸ்' (2016) ஆகிய படங்களில் வரும் பேசும் பூச்சிகளை நான் இந்த எடைபோடலில் சேர்க்கவில்லை. அருமையான வேலை, ஆனால் அவை ஓடு போர்த்திய மனிதர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. கூட்டத்தையும் சிறகையும் கணினியிடம் விட்டுவிடலாம். கனத்திலும் மேற்பரப்பிலும் ஹாரிஹவுசனின் நண்டு முதலிடம். ஊர்ந்து திரியும் ஓட்டுயிருக்குத் தனக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதாகத் திரையில் நம்பவைத்த வேலையில், தேனீயின் மெழுகுக் காட்சி இரண்டாவது, 'தி பிளாக் ஸ்கார்பியன்' குகைக் காட்சி முதலாவது. முழுப் படத்தையும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்த எச்சில் ஒழுகும் முகத்தைத் தாண்டிக் குகைக்கும் ரயிலுக்கும் போய்விடுங்கள். அவற்றை ஒலியை அணைத்துவிட்டு, கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்.